மாஸ்டா எம்எக்ஸ்-5 காரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பின்அச்சைப் பற்றியவை. என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1991-ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். எம்எக்ஸ்-5 ஜப்பானில் முதலில் அந்தப் பெயரில்தான் விற்கப்பட்டது. அதன் பின்அச்சை மூன்று முறை கழற்றி மாட்டிய அனுபவத்திலிருந்தும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்தும் இந்தப் பதில்களை எழுதுகிறேன். ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை இனி எல்எஸ்டி என்றே சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

சாதாரண டிஃபரன்ஷியலில் என்ன குறை?

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மாட்டு வண்டியில் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் இது ஒரு சிக்கலே இல்லை. எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும் வண்டியில்தான் சிக்கல் வருகிறது. இரு சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும், வேகம் மட்டும் வேறுபட வேண்டும். அதைச் செய்வதுதான் பின்அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். அதன் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்குள் இருக்கும் சன் கியர், ஸ்டார் பினியன் என்ற சிறு பல்சக்கரங்கள் அந்த வேலையைச் செய்து முடிக்கின்றன.

"பிடிப்பில்லாத சக்கரத்துக்கே எல்லா விசையையும் அனுப்பிவிடும்" என்று சாதாரண டிஃபரன்ஷியலைப் பற்றிப் பலர் சொல்வார்கள். அது தவறு. அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஏறக்குறைய சமமான முறுக்குவிசையையே கொடுக்கிறது. குறையும் அந்தச் சமத்திலேயே இருக்கிறது. உள்சக்கரத்தின் டயர் 200 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், வெளிச்சக்கரம் 600 தாங்கக்கூடியதாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது அதே 200தான். மீதி எஞ்சின் விசை உள்சக்கரத்தைச் சுழற்றிப் புகையாக்குவதில் வீணாகிறது.

கென்ட் மாவட்டத்தில் உள்ள பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் ட்ரூயிட்ஸ் என்று ஒரு வளைவு உண்டு. மேட்டில் ஏறி, கொண்டை ஊசி போல வலப்பக்கம் திரும்பும். அங்கே இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பழைய எம்எக்ஸ்-5-இன் வலப் பின்சக்கரம் சுமை குறைந்து சுழல ஆரம்பிக்கும். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. எல்எஸ்டி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்த வளைவைத்தான் சொல்வேன்.

எல்எஸ்டி யார் கண்டுபிடித்தது?

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930-களில் வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் எஞ்சின் வலிமை மிக அதிகம். அதிக வேகத்திலும் ஒரு பின்சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. அதற்குத் தீர்வு காண 1935-இல் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்திடம் போர்ஷே வேலையை ஒப்படைத்தார். சாலைக் கார்களில் அமெரிக்காவின் பாக்கார்ட் 1956-இல் இதைக் கொடுத்தது. அடுத்த பதிலில் விளக்கும் டார்சன் வகை எல்எஸ்டியை உருவாக்கியவர் வெர்னன் க்ளீஸ்மன் என்ற அமெரிக்கர். 'டார்க்', 'சென்சிங்' என்ற இரண்டு சொற்களின் தொடக்கங்களை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது. முறுக்குவிசையை உணர்வது என்று பொருள்.

எத்தனை வகை இருக்கிறது? ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது?

எம்எக்ஸ்-5 சம்பந்தப்பட்ட வரையில் நான்கு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது விஸ்கஸ். மூடிய உருளைக்குள் துளையிட்ட மெல்லிய தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். இடையில் கெட்டியான சிலிக்கோன் திரவம். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழன்றால் தகடுகளுக்கு இடையில் திரவம் இழுபட்டு எதிர்ப்பைக் கொடுக்கும். ஆக, வேக வேறுபாடு வந்த பிறகுதான் இது விழித்துக்கொள்ளும். அதற்குள் சக்கரம் சுழன்றிருக்கும். வயதாக ஆகத் திரவம் வலுவிழக்கும், பிரித்துப் பழுதுபார்க்கவும் வழியில்லை. முப்பது ஆண்டு ஓடிய விஸ்கஸ் எல்எஸ்டியைப் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியலாகவே கருதுங்கள்.

இரண்டாவது பல்சக்கர வகை. டார்சன் இதில் முதன்மையானது. கென்ட் பகுதியைச் சேர்ந்த குவைஃப் நிறுவனத்தின் ஏடிபி வகையும் இதே குடும்பம்தான். உள்ளே சாய்வான பற்கள் கொண்ட சக்கரங்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும். விசை பாயும்போது அந்தச் சாய்வு காரணமாகப் பல்சக்கரங்கள் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, உறையின் சுவரில் உரசும். எவ்வளவு விசை பாய்கிறதோ அவ்வளவு உரசல். சக்கரம் சுழன்று காட்டும் வரை இது காத்திருப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்திலேயே வேலை தொடங்கிவிடும், காலை எடுத்தால் விட்டுவிடும். ஸ்டியரிங்கில் எந்த உறுத்தலும் தெரியாது. தேய்ந்துபோக உராய்வுத் தட்டுகள் இல்லாததால் பல ஆண்டு உழைக்கும்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இது பெருக்கல் கணக்கில் வேலை செய்கிறது. டார்சனின் விகிதம் 2.5 என்றால், உள்சக்கரம் தாங்கும் விசையைப் போல 2.5 மடங்கு வரை வெளிச்சக்கரத்துக்குப் போகும். உள்சக்கரம் 200 தாங்கினால் வெளிச்சக்கரத்துக்கு 500 வரை கிடைக்கும். மொத்தம் 700. சாதாரண டிஃபரன்ஷியலில் மொத்தமே 400தான். ஆனால் உள்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டால்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

மூன்றாவது தட்டு வகை. பந்தயக்காரர்களின் பழைய துணை இதுதான். ஸ்டார் பினியன்களின் குறுக்குத் தண்டு, சாய்வு வெட்டிய இரண்டு வளையங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். விசை வந்ததும் தண்டு சாய்வில் ஏறி, வளையங்களை இருபுறமும் தள்ளும். அவை உராய்வுத் தட்டுகளை நெருக்கும். தட்டுகள் நெருங்கினால் இரு சக்கரங்களும் கட்டுண்டு ஒன்றாகச் சுழலப் பார்க்கும். இதோடு வில் ஒன்று தட்டுகளை எப்போதும் ஓரளவு அழுத்திக்கொண்டிருக்கும். அதை முன்அழுத்தம் என்கிறோம். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்றதற்கு விசை போவது அந்த முன்அழுத்தத்தால்தான். கஸ்கோ, காஸ், ஓஎஸ் கிகென் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் விற்பவை பெரும்பாலும் இந்த வகை.

நான்காவது கூம்பு வகை. தட்டுகளுக்குப் பதில் கூம்பு வடிவ உராய்வுப் பரப்புகள். மாஸ்டா 'சூப்பர் எல்எஸ்டி' என்று சொல்வது இது. மென்மையானது, விலையும் குறைவு. கடுமையாக ஓட்டினால் கூம்புகள் தேய்ந்து பிடிப்பு தளரும்.

25 சதவீதம், 40 சதவீதம் என்கிறார்கள், 2.5 விகிதம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடலாம். சதவீதம் என்பது இரு சக்கரங்களின் முறுக்குவிசை வேறுபாட்டை மொத்தத்தால் வகுத்தது. 25 சதவீதம் என்றால் மொத்தம் 100-இல் ஒரு சக்கரத்துக்கு 62.5, மற்றதற்கு 37.5. விகிதத்தில் சொன்னால் 1.67. 40 சதவீதம் என்றால் 70-க்கு 30, அதாவது ஏறக்குறைய 2.33. 50 சதவீதம் என்றால் 75-க்கு 25, விகிதம் 3. பழைய பி.எம்.டபிள்யூ கார்களின் 25 சதவீத எல்எஸ்டியைப் பெரிய பூட்டு, அதாவது இரு சக்கரங்களையும் பலமாகச் சேர்த்துக் கட்டுவது, என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல டார்சன் அதைவிடப் பலமாகவே விசையைப் பிரிக்கும்.

ஒருவழி, ஒன்றரைவழி, இருவழி என்றால் என்ன?

தட்டு வகைக்கு உரிய சொற்கள் இவை. முன்பு சொன்ன வளையத்தின் சாய்வை ஆக்ஸிலரேட்டர் பக்கம் ஒரு கோணத்திலும், காலை எடுக்கும்போது வேலை செய்யும் பக்கம் இன்னொரு கோணத்திலும் வெட்டலாம். 90 பாகை என்றால் தண்டு நேர்ச்சுவரில் முட்டி நிற்கும், வளையம் விலகாது, பூட்டும் இல்லை. 45 பாகையில் விசை முழுக்கப் பக்கவாட்டு அழுத்தமாக மாறும். 60 பாகையில் அதில் பத்தில் ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, 45-க்கு 90 என்று வெட்டினால் ஒருவழி. 45-க்கு 45 என்றால் இருவழி. இடைப்பட்டது ஒன்றரைவழி.

இருவழி, காரை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ட்ரிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு உரியது. காலை எடுத்தாலும் பின்சக்கரங்கள் இரண்டும் கட்டுண்டிருப்பதால் சறுக்கல் ஒரே சீராகத் தொடரும். சாலையில் ஓடும் எம்எக்ஸ்-5-க்கு அதை வாங்காதீர்கள். வளைவுக்குள் நுழையும்போது இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் ஓட விரும்பும், கார் நேராகப் போகப் பார்க்கும், முன்பக்கம் வளைய மறுக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை மேலும் திருப்புவார். முன்டயர் தேயும். பிறகு முன்பக்க சஸ்பென்ஷனைக் குறை சொல்லி அதற்குச் செலவழிப்பார். இந்த வரிசையை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

அதே சமயம், காலை எடுக்கும் பக்கத்தில் கொஞ்சம் பூட்டு இருப்பது கெடுதல் அல்ல. பிரேக் போட்டுக்கொண்டே வளைவில் நுழையும்போது பின்பக்கம் அலையாமல் அது பிடித்து வைக்கும். 2023 அக்டோபரில் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐப் புதுப்பித்தபோது, முடுக்கத்துக்கும் வேகக் குறைப்புக்கும் வெவ்வேறு கோணம் கொண்ட சமச்சீரற்ற எல்எஸ்டியைக் கொடுத்தது இதற்காகத்தான்.

எந்த ஆண்டு எம்எக்ஸ்-5-இல் எந்த வகை?

1989-இல் வந்த 1.6 லிட்டர் காரில் கிரௌன் வீல் 6 அங்குலம், பின்அச்சு விகிதம் 4.3, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 4.3 சுற்றுச் சுற்றும். எல்எஸ்டி கேட்டு வாங்கியவர்களுக்கு விஸ்கஸ் கிடைத்தது. 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது கிரௌன் வீல் 7 அங்குலமாகப் பெரிதானது, விகிதம் 4.1 ஆனது, எல்எஸ்டி டார்சனாக மாறியது. முதலில் வந்தது டார்சனின் முதல் வகை, பிறகு இரண்டாம் வகை. இரண்டாம் தலைமுறையின் பிற்பகுதியிலிருந்து கூம்பு வகை வந்துவிட்டது. எல்எஸ்டியே இல்லாமல் விற்ற கார்களும் ஏராளம். ஆகவே ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என் காரில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, தாங்கிகளில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் லேசாகச் சுழன்றால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது செத்துப்போன விஸ்கஸ். அதே திசையில் கனமாகச் சுழன்றால் உயிருள்ள எல்எஸ்டி.

டார்சன் இந்தச் சோதனையில் ஏமாற்றும். சுமையில்லாதபோது அதில் உரசலும் குறைவு என்பதால் சில சமயம் சாதாரண வகை போலவே நடந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரைத்தண்டை ஒரு பக்கம் உருவி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் குறுக்குத் தண்டு தெரிந்தால் அது டார்சன் அல்ல. என் காரை விற்றவர் எல்எஸ்டி இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். இருந்தது உண்மைதான். ஆனால் சக்கரத்தைச் சுழற்றியபோது மற்றது எந்தத் தடையும் இல்லாமல் எதிர்த்திசையில் ஓடியது. பெயருக்கு மட்டும் இருந்த விஸ்கஸ் அது.

1.6 காரில் 1.8-இன் டார்சனைப் பொருத்தலாமா?

பொருத்தலாம். என்னைக் கேட்டால் இந்தக் காருக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் இதுதான். ஆனால் உள்ளே இருக்கும் டார்சனை மட்டும் எடுத்து 6 அங்குல உறைக்குள் வைக்க முடியாது. டிஃபரன்ஷியல் உறை முழுவதும், இரண்டு அரைத்தண்டுகள், கியர்பாக்ஸிலிருந்து விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் 1.8 காரிலிருந்து வர வேண்டும். கிரௌன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் முகத்தகட்டு அளவே வேறு. ஒரே காரிலிருந்து முழுத் தொகுப்பாக வாங்கினால் தலைவலி இல்லை. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்குங்கள். சட்டம் விலகியதும் கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும்.

பலர் மறந்துவிடும் ஒன்று ஸ்பீடோமீட்டர். அது கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை அளக்கிறது. பின்அச்சு விகிதம் 4.3-இலிருந்து 4.1-ஆகக் குறைந்தால் கார் உண்மையில் ஓடும் வேகம் முள் காட்டுவதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் அதிகமாகிவிடும். முள் 70 மைல் காட்டும்போது முன்பைவிடச் சுமார் 3 மைல் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்பீடோமீட்டரை ஓட்டும் சிறு பல்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள்.

சாலைக்கும் எப்போதாவது பந்தயத் தடத்துக்கும் எது நல்லது?

டார்சன் அல்லது குவைஃப். தயங்காமல் சொல்வேன். மழையில் வட்டச் சந்திப்பைச் சுற்றும்போது பயமுறுத்தாது, சத்தம் போடாது, பராமரிப்பும் கேட்காது. டர்போ பொருத்தி எஞ்சின் வலிமையை இரட்டிப்பாக்கியவர்களும், மாதத்தில் பல நாள் தடத்தில் ஓட்டுபவர்களும் ஒன்றரைவழித் தட்டு வகைக்குப் போகலாம்.

எந்த எல்எஸ்டியும் பிடிப்பை உண்டாக்குவதில்லை. டயரில் இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்க மட்டுமே அதற்குத் தெரியும். தேய்ந்து காய்ந்த டயரோடும் கோணம் தவறிய சக்கரங்களோடும் எல்எஸ்டி போட்டால், ஒரு சக்கரம் சுழன்றதற்குப் பதிலாக இரண்டும் சேர்ந்து சுழலும். ஒரு சக்கரம் சுழலும்போது மற்றதாவது காரைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும். இரண்டும் சுழன்றால் பின்பக்கம் வெளியே போய்விடும். முதலில் டயர், அடுத்து அலைன்மென்ட், பிறகுதான் டிஃபரன்ஷியல்.

டார்சன் போட்ட பிறகும் உள்சக்கரம் சுழல்கிறதே?

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் பின்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக மாற்றியிருக்கிறீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். தடித்த பார் வளைவில் உள்சக்கரத்தைத் தூக்கி எடுக்கும். பூஜ்யக் கணக்கு நினைவிருக்கட்டும். பாரை மெலிதாக்கினால் அல்லது ஒரு பக்கம் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். நான் பின் பாரைப் பழைய அளவுக்கே மாற்றியபோது ட்ரூயிட்ஸ் வளைவில் அந்த வெற்றுச் சுழற்சி நின்றது. செலவு எதுவும் இல்லை, கழற்றி வைத்த பழைய பார் ஷெட்டில் கிடந்தது.

தட்டு வகை போட்டதும் பின்னாலிருந்து கடகட என்று சத்தம். கெட்டுவிட்டதா?

இல்லை. மெதுவாக, முழுதாகத் திருப்பும்போது தட்டுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நழுவுகின்றன. கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எண்ணெயோடு உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்தால் சத்தம் குறையும். ஆனால் அளவுக்கு மீறினால் பூட்டும் குறையும். தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள்.

புதிதாகப் பொருத்தியதும் காலியான இடத்தில் எட்டுப் போட்டுக்கொண்டே மெதுவாக இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். தட்டுகள் ஒன்றோடொன்று பழகட்டும். பிறகு சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். வடிந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில், உலோகத் தூளோடு மினுமினுக்கும். கந்தக நாற்றம் கையில் இரண்டு நாள் இருக்கும். பயப்பட வேண்டாம். விரலில் தேய்த்தால் கரகரப்பாகத் துணுக்குகள் தட்டுப்பட்டால் மட்டும் பயப்படுங்கள்.

முன்அழுத்தம் தேயத் தேயக் குறையும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அதைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று டார்க் ரெஞ்சால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது அந்த எண் பேசும்.

டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களை ஒன்றாக வெல்டிங் செய்துவிட்டால் மலிவாக முடிந்துவிடுமே?

ட்ரிஃப்டுக்கு மட்டுமே ஓடும் காரில் செய்கிறார்கள். சாலைக் காரில் செய்யாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தரையில் உரசும், அரைத்தண்டுகள் முறுக்கப்பட்டு ஒரு நாள் உடையும், மழையில் கார் சொன்ன பேச்சைக் கேட்காது.

முன்சக்கர இயக்கக் கார்களுக்கும் இதே விதியா?

அங்கே பல்சக்கர வகைக்கே முதலிடம். பூட்டின் ஒவ்வோர் அசைவும் ஸ்டியரிங்கில் கைக்கு வருவதால் மென்மை முக்கியம். ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், 2002-இன் ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்எஸ் இரண்டிலும் இந்த வகைதான். ஃபோகஸில் இருந்தது குவைஃப்.

புதிய கார்களில் எலக்ட்ரானிக் எல்எஸ்டி என்கிறார்களே?

இரண்டு வேறு பொருள்களை அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஒன்று, தட்டு வகையையே கணினி அழுத்திக் கட்டுப்படுத்துவது. 2004-இல் ஃபெராரி எஃப்430-இல் வந்தது இது. உண்மையான எல்எஸ்டி. மற்றொன்று, சாதாரண டிஃபரன்ஷியலை வைத்துக்கொண்டு, சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கணினி பிடிப்பது. சாலையில் அது பயன்படும். தடத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் பிரேக் சூடாகிவிடும், எஞ்சின் கொடுத்ததை பிரேக் தின்றுவிடும்.

கிரௌனையும் பினியனையும் வீட்டிலேயே பிரித்து எல்எஸ்டியை மாற்றலாமா?

உறையை முழுதாக மாற்றுவதை வீட்டில் செய்யலாம். உறைக்குள் இருப்பதை மாற்றுவது வேறு வேலை. கிரௌனும் பினியனும் ஒன்றாகவே பிறந்த ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டின் பற்களுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். டயல் கேஜ் வைத்து, கிரௌனின் பல இடங்களில் அளக்க வேண்டும். பிறகு பற்களில் வண்ணப் பசையைத் தடவிச் சுற்றினால், கடிக்கும் இடத்தில் பசை விலகி ஒரு தடம் தெரியும். அந்தத் தடம் பல்லின் நடுவில், சற்று உட்பக்கமாக, முட்டை வடிவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் 50 மைல் வேகத்தில் ஊளையிடும், சில ஆயிரம் மைலில் பல் போய்விடும்.

முதல் முறை நான் தவறியது பேரிங் மூடிகளில். இரண்டையும் கழற்றி, ஒரே தட்டில் போட்டுக் கழுவிவிட்டேன். எது இடம், எது வலம் என்று தெரியவில்லை. அவை உறையோடு சேர்த்துக் கடையப்பட்டவை, இடம் மாறினால் பேரிங் சரியாக உட்காராது. உற்றுப் பார்த்துப் பழைய தேய்மானத் தடத்தை வைத்துப் பொருத்த ஒரு முழு நாள் போனது. கழற்றும் முன்பே சென்டர் பஞ்சால் இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் இரண்டு புள்ளி, மூடியிலும் உறையிலும் குத்திவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

பிரிட்டனில் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்துவிட்டு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ அது காரணமாகலாம். எழுத்தில் தெரிவித்து, அவர்கள் அனுப்பும் பதிலைக் காரின் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.